வேலாயுதம் உண்ணத் தகுந்தவரல்ல

ஒரு காட்டில், அது காடா புறம்போக்கா என்கிற வழக்கு இன்னும் முடியாததால் தீர்ப்பு வரும்வரை காடு என்றே வைத்துக்கொள்வோம், வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தார். வாழ்ந்துவந்தது என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். மரியாதை விஷயத்தில் அவ்வளவு கறார். எதிரில் வருகிறவர் முதலில் வணக்கம் சொல்லாவிட்டால் முதுகைத் திருப்பி முட்களை ஒரு தடவை குலுக்கிக் காட்டுவார். அதன்பிறகு எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அவருக்குக் கிழக்குச் சரிவில் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்குத் தோட்டம் இருந்தது. கொடி ஊன்றுவதும் களை பிடுங்குவதும் அவரே. விளைந்ததைத் தின்பதும் அவரே. அவர் மனைவி செண்பகவடிவுக்குக் கிழங்கு ஒத்துக்கொள்ளாது, வாயு பிடித்துக்கொள்ளும். அவள் மேற்குப் பக்கம் போய்க் காட்டு அத்திப்பழம் பொறுக்கித் தின்றுவிட்டு வருவாள். அவளுக்கு மட்டும் ஏன் மரியாதை இல்லை என்று கேட்பீர்கள். வேண்டாம், சோற்றுக்கு ஆகாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

சரிவுக்கு மேலே, காட்டின் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், மனிதர்கள் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். செத்துப்போன பேட்டரிகளை லாரியில் கொண்டுவந்து அங்கே உடைப்பார்கள். உள்ளே இருக்கும் அமிலத்தை மண்ணில் ஊற்றுவார்கள். ஈயத்தைக் காய்ச்சிப் பாளம் பாளமாக எடுத்துப் போவார்கள். மிச்சமெல்லாம் மழைத் தண்ணீரோடு வேலாயுதத்தின் தோட்டத்துக்கு வரும். மேட்டில் ஊற்றினால் பள்ளத்துக்குத்தான் வரும் என்று மனிதர்களுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரிந்ததால்தான் மேட்டில் கொட்டகை போட்டார்கள்.

முதலில் மண்புழுக்கள் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போயின. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்று வேலாயுதம் வருத்தப்பட்டார். பிறகு அவருக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. மணிக்கட்டு துவண்டது. மறதி வந்தது. ஒருநாள் வடிவைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு பக்கம்?" என்று விசாரித்தார். அதையும் மரியாதையாகத்தான் விசாரித்தார்.

அப்புறம் முள் கொட்ட ஆரம்பித்தது.

நமக்கு முடி கொட்டினால் எண்ணெயை மாற்றிப் பார்ப்போம், கண்ணாடியை மாற்றிப் பார்ப்போம், கடைசியில் தொப்பி போட்டுக்கொள்வோம். முள்ளம்பன்றிக்கு அப்படி இல்லை. அந்தக் காட்டில் உச்சிமாகாளி என்றொரு சிறுத்தை இருந்தார். முள்ளம்பன்றிக் கறி என்றால் அவருக்கு உயிர். தொண்டையில் முள் குத்தும் என்ற ஒரே காரணத்தால்தான் அவர் இத்தனை வருஷம் வேலாயுதத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார்.

ஆனால் உச்சிமாகாளி பழைய காலத்துச் சிறுத்தை இல்லை. ஊருக்குள் போய் ஓர் ஆட்டைத் தின்று எட்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்ததிலிருந்து உடம்பு விஷயத்தில் உஷாராகிவிட்டார். கையில் காலடி எண்ணும் கடிகாரம். காலையில் பத்தாயிரம் அடி நடை. வன உணவுத் தர அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாத எதையும் வாயில் வைக்கமாட்டார். மனிதர்களைத் தின்பதை அவருடைய தாத்தா காலத்திலேயே விட்டாயிற்று. அந்த இனத்துக்கு ஒருதடவைகூடச் சான்றிதழ் கிடைத்ததில்லை.

"இந்தாருங்க, மண்ணுலதான் ஏதோ கோளாறு," என்றாள் வடிவு. "புழுவே ஓடிப்போச்சு. நீங்க மட்டும் அதுலேயே வெளஞ்சதத் தின்னுட்டு இருக்கீக. ஆபீசுல போயி மண்ணப் பரிசோதனைக்குக் குடுங்க."

தர அலுவலகம் ஓர் ஆலமரத்தடியில் இருந்தது. எழுத்தர் குத்தாலிங்கம் ஓர் உடும்பு. அவர் ஒரு விண்ணப்பத்தைப் பிடித்தால் அது உடும்புப் பிடிதான், மேலேயும் போகாது, கீழேயும் வராது. அன்றைக்கு என்னவோ நல்ல மனநிலையில் இருந்தார். படிவத்தையும் ஒரு விளக்கத் தாளையும் எடுத்துக் கொடுத்தார்.

"தோட்டத்துல பத்து எடத்துல குழி தோண்டணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கை மண்ணு. எல்லாத்தயும் நல்லாக் கலந்து அரைக் கிலோ எடுத்து, பையில கட்டி, பேரு எழுதிக் கொண்டாரும். பக்கத்துக் காட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி வைக்கோம்."

வேலாயுதம் வீட்டுக்கு வந்து விளக்கத் தாளை மூன்று தடவை படித்தார். பிறகு தன் தோட்டத்து மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தார். சாம்பல் நிறம். பேட்டரி நாற்றம். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இதயா அனுப்பச் சொல்லுத?"

"நம்ம மண்ணு அதான?"

"பக்கத்துக் காட்டுக்காரன் நாலு பேரு மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாப்பான், வடிவு. வேலாயுதம் வீட்டு மண்ணா இதுன்னு கேக்கமாட்டானா? வெளியூருக்கு ஒரு சாமானம் போவுதுன்னா நல்லதாப் பாத்து அனுப்புறதுதான நம்ம வழக்கம். நம்ம தங்கச்சிக்குச் சீர் அனுப்பும்போது சொத்தக் கத்தரிக்காயவா வச்சு அனுப்புனோம்?"

"வைத்தியர்கிட்ட நாடி பாக்கப் போறதுக்கு, சொகமா இருக்குற பக்கத்து வீட்டுக்காரன அனுப்பி வைப்பீகளா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் வேலாயுதம் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விடுவார். போனார். மேற்கு மலையில் கரையான்கள் கட்டிய புற்று ஒன்று இருந்தது. மாவு மாதிரி செக்கச் சிவந்த மண். கரையான்களிடம் முறைப்படி கேட்டு அரைக் கிலோ வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார். தண்ணீர் விட்டு மூன்று தடவை களைந்தார். ஓலைப்பாயில் உலர்த்தினார். மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, பைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கண் படாமல் இருக்க ஓரத்தில் கரியால் ஒரு புள்ளியும் வைத்தார்.

படிவத்தில் 'இது என் தோட்டத்து மண்தான்' என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மணிக்கட்டு துவண்டதால் கையெழுத்து கொஞ்சம் கோணல். மற்றபடி எல்லாம் சுத்தம்.

இருபது நாளில் முடிவு வந்தது. குத்தாலிங்கம் அதை ஆலமரத்தில் ஆணியடித்து மாட்டினார். காடே கூடி நின்று படித்தது.

'ஈயம்: இல்லை. பிற நச்சு உலோகங்கள்: இல்லை. இப்படியொரு மண்ணை இந்த ஆய்வகம் இதுவரை கண்டதில்லை. இதில் விளைந்தவையும், அவற்றை உண்டு வளர்ந்த உயிர்களும் உண்பதற்கு மிகமிக உகந்தவை. முதல் தரம்.'

வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே ஆலமரத்தடியில் பாராட்டு விழா. மிளா மான் ஒன்று பொன்னாடை போர்த்தியது. முன்பெல்லாம் அவருக்குப் போர்த்துகிற பொன்னாடை முள்ளில் மாட்டிக் கிழிந்துவிடும். இந்தத் தடவை வழுக்கிக்கொண்டு போய்ப் பாந்தமாக உட்கார்ந்தது. எடுத்தபோது அதோடு ஐம்பது அறுபது முள்ளும் வந்தது. கூட்டம் கைதட்டியது.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற உச்சிமாகாளி முன்னால் வந்து வணக்கம் சொன்னார். இன்றைக்கு வழக்கத்தைவிட ஆழமான வணக்கம்.

"அண்ணாச்சி, ஒங்க மண்ணு முதல் தரமாமே! கேட்டு எனக்கு நாக்குல தண்ணி, இல்ல, கண்ணுல தண்ணி வந்துட்டு. நீங்க வேற எதுவும் தொடுறதில்லயோ? சுத்தமாக் கெழங்குதானா?"

"சின்னதுலேருந்து கெழங்குதான்," என்றார் வேலாயுதம் பெருமையாக.

"நல்ல பழக்கம். என்ன எடை இருப்பீக?"

"பன்னெண்டு கிலோ."

"முள்ளோடயா, முள்ளு நீங்கலாகவா?"

அவ்வளவு அக்கறையாக யாரும் அவரை இதுவரை விசாரித்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் வடிவு அவர் முதுகில் இருந்த முட்களை எண்ணினாள். முள்ளம்பன்றியின் முட்களை எண்ண முடிகிறது என்றாலே விஷயம் கைமீறிவிட்டது. நூற்றெழுபது இருந்தது.

"அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீகளா?" என்றாள்.

"மண்ணு முதல் தரம்னு."

"மண்ணுல வெளஞ்சதத் தின்னவனும் முதல் தரம்னு எழுதியிருக்கு. அந்தச் சிறுத்தை மண்ணப் பாக்க வரல. ஒங்களப் பாக்க வந்திருக்கான்."

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். ஆனால் இந்தத் தடவை வெளியே போகப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து உச்சிமாகாளியின் காலை நடை இவர்கள் வாசல் வழியாக அமைந்தது. ஒருநாளும் முறை தவறிப் பேசவில்லை. வாசலில் நின்று, "அண்ணாச்சி சொகமா? எத்தன மிச்சம்?" என்பார். வேலாயுதமும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால், "தொண்ணூத்தி நாலு," என்பார்.

"அவசரமே இல்ல. நீங்க வருத்தப்படாதீக. இருவதுக்குக் கீழ வந்தா மட்டும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க."

பயத்தில் வேலாயுதத்துக்குப் பசி கூடியது. வேறு எதுவும் இறங்காததால் கிழங்கையே இன்னும் கூடுதலாகத் தின்றார். முள் இன்னும் வேகமாகக் கொட்டியது. அறுபது ஆனதும் வடிவு அவரை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"நாங்க அனுப்புனது எங்க மண்ணே இல்ல. புத்து மண்ணு. அதயும் இவுக கழுவித்தான் அனுப்புனாக," என்றாள்.

குத்தாலிங்கம் நாக்கை ஒரு தடவை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்போ பொய்க் கையெழுத்துப் போட்டது குத்தம். முதல் தர மண்ணக் கெட்ட மண்ணுன்னு பரப்புறது அதவிடப் பெரிய குத்தம். எதுக்குத் தண்டன வேணும்னு சொல்லும்."

"தண்டன இருக்கட்டும். திரும்ப ஒருதடவ சோதிக்க முடியாதா?"

"ஒரு மண்ணுக்கு ஒருதடவ சோதன முடிஞ்சா மூணு வருசம் கழிச்சுத்தான்."

"மூணு வருசம் இவுக இருக்கமாட்டாக."

"அது வேற துறை," என்றார் குத்தாலிங்கம். பிறகு இரக்கப்பட்டோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாலோ, இன்னொரு படிவத்தை எடுத்தார். "மண்ணச் சோதிக்க முடியாது. ஆனா இவர உணவுப் பொருள்னு சோதிக்கலாம். விதி எல்லாம் ஒண்ணுதான். பத்து எடத்துல எடுத்து, நல்லாக் கலந்து, அரைக் கிலோ."

"எதுல பத்து எடத்துல?" என்று வேலாயுதம் கேட்டார்.

"உம்ம ஒடம்புலதான்."

வேலாயுதம் தன் உடம்பை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். பத்து இடம் இருந்தது. ஆனால் எந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வடிவுதான் சட்டென்று, "கொட்டுன முள்ளும் இவுக ஒடம்புதான?" என்றாள். குத்தாலிங்கம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

வடிவு வீட்டைப் பெருக்கினாள். பாயை உதறினாள். தோட்டத்தில் கிடந்த முட்களை மண்ணோடு வழித்து எடுத்தாள். பொன்னாடையில் இருந்தவற்றையும் பிடுங்கினாள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு எடை பார்த்தால் அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைந்தது. இரண்டு நாள் பொறுத்தார்கள். வேலாயுதம் அந்தக் குறையையும் நிரப்பிக் கொடுத்தார்.

சாக்கைக் கட்டப் போகும்போது பார்த்தால் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம்.

"என்ன செய்யுதீக?"

"இல்ல, சும்மா கொஞ்சம் பளபளன்னு..."

வடிவு அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு அவளே அழுதாள். "அசிங்கமாவே போகட்டும். நீங்க அசிங்கமா இருந்தாத்தான் எனக்கு மிஞ்சுவீக," என்றாள். வேலாயுதத்துக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

சாக்கு போய்விட்டது. நாட்கள் போயின. முப்பது, இருபத்தைந்து, பத்தொன்பது. பத்தொன்பது ஆன அன்று வேலாயுதம் கைபேசியை எடுத்தார்.

"யாருக்கு?" என்றாள் வடிவு.

"மிஸ்டு கால் குடுக்கேன்னு ஒத்துக்கிட்டேன்ல. வாக்கு தவறுனா நல்லாவா இருக்கும்?"

வடிவு கைபேசியைப் பிடுங்கித் தண்ணீர்ப் பானையில் போட்டாள். ஆனால் உச்சிமாகாளிக்கு எண்ணத் தெரியும். மறுநாள் காலை அவரே வந்தார். "இன்னைக்கு வெள்ளிக்கெழம. நான் விரதம். நாளைக்குக் காலையில வாரேன். வீட்டுல எல்லாரும் ஒருதடவ நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றார். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! நம் ஊரில் கடன் கொடுத்தவன்கூட இப்படி ஒரு நாள் தவணை சொல்வதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஆய்வகத்து முடிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இருவரும் ஓடினார்கள். குத்தாலிங்கத்தின் கையில் உறை இருந்தது. அவர் உறையைப் பார்த்தார், படிவத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், வேலாயுதத்தைப் பார்த்தார்.

"நீர் யாரு?"

"நான்தான் வேலாயுதம்."

"படத்துல இருக்குறவருக்கு முதுகு நிறைய முள்ளு இருக்கு. உம்மப் பாத்தா ஏதோ பெரிய எலி மாதிரியில்லா இருக்கு. சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்தாத்தான் குடுப்பேன்."

"ஐயா, முள்ளு கொட்டுனதுக்குத்தான இந்தச் சோதனையே," என்றாள் வடிவு.

"அது உறைக்குள்ள இருக்கு. உறையப் பிரிக்காம எனக்கு எப்படித் தெரியும்? படத்துல உள்ளவர் வராம உறைய எப்படிப் பிரிக்க முடியும்?"

பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. உச்சிமாகாளி வந்துகொண்டிருந்தார். வீட்டில் ஆள் இல்லை என்றதும் தேடி வந்திருக்கிறார். கழுத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தார். அதற்கு மேல் வடிவு யோசிக்கவில்லை. வேலாயுதத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக் குந்திக்கொண்டு தன் முட்களை எல்லாம் விரித்தாள். முன்னாலிருந்து பார்த்தால் வேலாயுதத்தின் முகமும் அதைச் சுற்றி வட்டமாக முட்களும் தெரிந்தன. குத்தாலிங்கம் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்போ சரியா இருக்கு. இதுக்கு முன்னால ஒரு எலி வந்து ஒம்ம பேரச் சொல்லிட்டுத் திரியுது, சாக்கிரதையா இரும்," என்று சொல்லி உறையைக் கொடுத்தார்.

வடிவு அதைப் பிரித்து உச்சிமாகாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

'ஈயம்: அளவிட முயன்றபோது கருவி நின்றுவிட்டது. இப்பொருள் உண்ணத் தகுந்ததல்ல. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். இச்சான்று மூன்று மாதம் செல்லும்.'

உச்சிமாகாளி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். கழுத்துத் துண்டை அவிழ்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்தாடி! நல்லவேள தப்பிச்சேன்! அண்ணாச்சி, ஒரு வார்த்த முன்னக்கூட்டியே சொல்லியிருக்கலாம்ல? எனக்குச் சின்னச் சின்னப் பிள்ளைக இருக்கு."

"மன்னிச்சுக்கிடுங்க," என்றார் வேலாயுதம். மனசாரத்தான் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லதாக ஒரு நீதி சொல்லி உங்களை அனுப்பி வைத்திருப்பேன். மண்ணைக் காப்போம், மரம் வளர்ப்போம் என்று. ஆனால் காட்டில் யாரும் அப்படி யோசிக்கவில்லை. எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனித்தார்கள். வேலாயுதம் முள்ளே இல்லாமல் நடமாடுகிறார், சிறுத்தை அவரைக் கண்டு ஒதுங்கிப் போகிறது.

அடுத்த நாள் காலையில் கிழங்குத் தோட்டத்தின் வாசலில் நாலு முயல் நின்றது. மறுநாள் நாற்பது. பிறகு மான், மிளா, கேளையாடு, காட்டுக்கோழி என்று எல்லைக் கல் வரை வரிசை. எல்லோருக்கும் ஆளுக்கொரு கிழங்கு வேண்டும். 'உண்ணத் தகுந்ததல்ல' என்று சான்றிதழ் வேண்டும். நாலு பேர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்வது வேலாயுதத்தின் வழக்கத்தில் இல்லை. டோக்கன் போட்டுக் கொடுத்தார். குத்தாலிங்கம் அலுவலகத்தையே தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

மேற்கு மலையில் சுத்தமான புல் தின்று மினுமினுவென்று இருந்த முயல்களின் பாடுதான் பரிதாபம். அவர்களை யாரும் மதிக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளைக்கு ஈயம் எவ்வளவு?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றதும், "வெறும் ஒடம்போட இருக்குறவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க? நாளைக்கே சிறுத்த வந்தா?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

தகரக் கொட்டகையை மூடச் சொல்லி அதிகாரிகள் வரப்போவதாக ஒரு வதந்தி கிளம்பியது. அன்று மட்டும் காடு ஒன்று திரண்டது. மானும் முயலும் கேளையாடும் எல்லைக் கல்லருகே உட்கார்ந்து, கொட்டகையை மூடாதே, விரிவாக்கு என்று கோஷம் போட்டன. நடுவில் வயிற்றுவலி வந்தவை எழுந்து போய்ப் புதருக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்து மீண்டும் கோஷத்தில் சேர்ந்துகொண்டன. அந்த வருஷம் சிறுத்தையால் யாரும் சாகவில்லை என்று குத்தாலிங்கம் பலகையில் எழுதி வைத்தார். உண்மைதான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர் செத்தார்கள், எல்லோரும் அவரவர் வீட்டில், அவரவர் பாயில், உறவினர் சூழ.

உச்சிமாகாளி எலும்பும் தோலுமாகிவிட்டார். ஆனாலும் கொள்கையை விடவில்லை. பொத்தானை அமுக்கி உடம்பில் வைத்தால் ஈயத்தின் அளவைக் காட்டுகிற கருவி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். சிவப்பு எரிந்தால் தின்னக் கூடாது. பச்சை எரிந்தால் தின்னலாம். நடை போகும்போது எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் கருவியால் தொட்டுவிட்டு, சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்.

வடிவு மட்டும் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. அவளுக்குக் கவலை ஒன்றுதான். சிறுத்தையிடமிருந்து மனுஷன் தப்பிவிட்டார். இந்த வயிற்றுவலியிலிருந்து எப்படித் தப்புவது? சான்றிதழ் வந்த வாரமே அவள் அவருடைய கிழங்கை நிறுத்தினாள். தன் கூடவே மேற்குப் பக்கம் கூட்டிப்போய் அத்திப்பழம் தின்ன வைத்தாள். முதல் மாதம் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். இரண்டாம் மாதம் வயிற்றுவலி நின்றது. மணிக்கட்டு நேராக நின்றது. ஒருநாள் அவள் கேட்காமலேயே, கல்யாணத்தன்று மழையில் பந்தல் சரிந்து அவள் மாமா தலையில் விழுந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, தானே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முதுகில் குச்சி குச்சியாக முள் அரும்பியிருந்தது. தடவினால் பூனை மீசை மாதிரி மெத்தென்று இருந்தது. வடிவு அன்றைக்கெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது உச்சிமாகாளி வந்தார்.

"அண்ணாச்சி, ஆளே மாறிட்டீகளே! மொகம் தெளிஞ்சிருக்கு!" என்று மனசார மகிழ்ந்து கருவியை அவர் தோளில் வைத்தார். மஞ்சள் எரிந்தது. நடுவில் ஒருதடவை பச்சையும் மின்னிப் போனது. உச்சிமாகாளி கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் பச்சை மின்னியது.

அவர் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஒங்க சான்றிதழ் என்னைக்கு முடியுது?"

"நாளான்னைக்கு," என்றார் வேலாயுதம், கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் ஆயிற்றே.

"அப்போ புதுப்பிக்க வேண்டியிருக்காது. நல்லா அத்திப்பழம் சாப்பிடுங்க. நான் நாளைக்குக் காலையில ஒருதடவ வந்து பாக்கேன்."

அவர் போனபிறகு வடிவு கணவனின் முதுகைத் தடவிப் பார்த்தாள். முள் முற்றிக் கெட்டியாக இன்னும் பத்து மாதம் ஆகும். ரத்தம் தெளிந்துவிட்டது. தெளிந்த ரத்தத்தோடு, மெத்தென்ற முள்ளோடு பத்து மாதம் இந்த மனுஷனை எங்கே ஒளித்து வைப்பது? அவள் வாசலிலேயே உட்கார்ந்து வெயில் உச்சிக்கு வரும்வரை யோசித்தாள். தர அலுவலகத்தை நினைத்தாள், கொட்டகையை நினைத்தாள், யாரிடம் போய் என்ன படிவம் கேட்பது என்று நினைத்தாள். எந்தப் படிவமும் கிடைக்கவில்லை. பிறகு எழுந்து கிழக்குச் சரிவுக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மேட்டுத் தண்ணீர் நேராக வந்து தேங்குகிற இடத்தில் தோண்டி, இருப்பதிலேயே பெரிய கிழங்காக எட்டு எடுத்தாள். கழுவவில்லை.

"அத்திப்பழம் கொண்டாரலியா?" என்றார் வேலாயுதம்.

"இன்னைக்கு இதச் சாப்பிடுங்க."

அவர் ஒன்றைக் கடித்தார். மூன்று மாதத்தில் நாக்கும் தெளிந்திருந்தது. "கசக்குதே, வடிவு. நாம வெளைய வச்ச கெழங்கு இவ்வளவு கசக்குமா?"

"சாப்பிடுங்க."

"மண்ணு நரநரங்குது."

"அதோடயே சாப்பிடுங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் எட்டையும் தின்று முடித்தார். பொழுது சாயும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரும்பு முள் உதிராதபடி மெதுவாக முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

காலையில் உச்சிமாகாளி வந்தார். கருவியை வைத்தார். நல்ல அழுத்தமான சிவப்பு எரிந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார், அப்போதும் சிவப்புதான். பிறகு கருவியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலாயுதம் அவர் போன திசையில் கும்பிட்டார். பிறகு வடிவைத் திரும்பிப் பார்த்து, "தங்கமான மனுசன். யாரு அவரு?" என்று கேட்டார்.

நீதி: நோய் வந்தால் குணப்படுத்திக்கொள்ளாதீர்கள், யாராவது தின்றுவிடுவார்கள்.